ஒரு ஆள் குறையுது

கெலிஓயாவிலோ கலகெதரவிலோ ஒரு முஸ்லிம் கல்யாணத்தில் பெண்கள் பக்கம் சாப்பாடு தொடங்கிவிட்டதா என்று தெரிந்துகொள்ள எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. ருக்கியாவின் குரல் கேட்டால் போதும். "இங்க ஒரு ஆள் குறையுது! மஞ்சள் சாரி மாமி, ஒங்களத்தான், வாங்க!" என்று மண்டபத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகும் குரல். மண்டபக்காரர்கள் ஒலிபெருக்கி வைத்திருப்பார்கள். இருபது வருடத்தில் அவளுக்கு அது ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.

சவன் வைப்பதுதான் அவள் வேலை. பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் குவித்து, மேலே கோழியை வைத்து, சுற்றிவர கறிகளை வைத்து மூடி கொண்டுவருவார்கள். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து அந்த ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிட வேண்டும். அந்தத் தட்டுக்கும் பெயர் சவன், அதைச் சுற்றி இருக்கிற ஆறு பேருக்கும் பெயர் சவன். ஆறு பேர் சேராமல் மூடியைத் திறக்கக் கூடாது. ஐந்து பேர் பசியோடு மூடியைப் பார்த்துக்கொண்டிருக்க, ஆறாவது ஆளைத் தேடிப் பிடித்துவருவதில்தான் ருக்கியாவின் கெட்டித்தனம் இருந்தது. கல்யாண வீட்டார் அவளிடம் எத்தனை பேர் வருகிறார்கள் என்று சொல்வதில்லை. "ஐம்பது சவன் ருக்கியா ராத்தா" என்பார்கள். அவளும் ஐம்பது என்றே மனதில் எழுதிக்கொள்வாள்.

ஆறு தலையை எண்ணி உட்காரவைக்க யாருக்கும் முடியும். யாரை யாரோடு உட்காரவைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பல் போன பெரியம்மாவின் பக்கத்தில் கோழியைப் பிய்த்துத் தள்ளிக்கொடுக்கும் மனசுள்ள ஒருத்தி வேண்டும். அவசரமாகச் சாப்பிடுகிறவர்கள் இரண்டு பேர் ஒரே சவனில் விழுந்தால் மற்ற நாலு பேருக்கும் வெறும் சோறுதான். போன பெருநாளில் சண்டை பிடித்துக்கொண்ட மச்சிமார் இருவரைத் தூரத் தூர வைக்க வேண்டும். அல்லது, ருக்கியாவுக்குக் குறும்பு வந்துவிட்டால், வேண்டுமென்றே நேருக்கு நேர் வைக்க வேண்டும். ஒரே தட்டில் கைபோட்டுவிட்டு எவ்வளவு நேரம்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பது?

எல்லோரும் எழுந்து கைகழுவிய பிறகு, சட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றபடியே ஒரு சின்னத் தட்டில் தனக்குப் போட்டுக்கொள்வாள். சோறு ஆறிப்போயிருக்கும். நெய் உறைந்து விரலில் ஒட்டும். அதில் அவளுக்கு மனக்குறை இருந்ததாகச் சொல்ல முடியாது. பழகிவிட்டது.

ருக்கியாவுக்கு நாற்பத்தொன்பது வயது. இருபதில் கல்யாணம், இருபத்தாறில் கணவர் மவுத்து, பிள்ளையில்லை. நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடிந்த கையோடு கெலிஓயாவில் தம்பி ரிஸ்கானின் வீட்டுக்கு வந்தவள் அங்கேயே இருந்துவிட்டாள். பின்பக்கத்து அறை அவளுடையது. தம்பி மனைவி ஸுமைரா நல்லவள். தம்பி மகன் ஹுதைபா மாமியின் மடியில் வளர்ந்தவன். யாரும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை.

ஹுதைபாவுக்குப் பெண் பேசி முடித்தார்கள். வீட்டில் மூன்றே அறைகள். ஒருநாள் பின்னேரம் ருக்கியா தன் அறைக்குள் நுழைந்தபோது, ஸுமைரா கையில் அளவு நாடாவோடு சுவரோரம் குனிந்து நின்றாள். ருக்கியாவைக் கண்டதும் நாடாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். நாடாவின் முனை அவள் காலடியில் ஆடிக்கொண்டிருந்தது.

"சும்மா… தூசு தட்ட வந்தேன் மதினி" என்றாள் ஸுமைரா.

"தட்டு புள்ள, தட்டு. அந்த மூலையில அஞ்சடி ஈக்கும்" என்றாள் ருக்கியா.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு அவளுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. புது மருமகள் வருவதற்குள் தனக்கென்று ஓர் இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். யாரும் வாய்விட்டுச் சொல்வதற்கு முன் அதைச் செய்துவிட வேண்டும். சொல்ல வைத்துவிட்டால் அவர்களுக்கும் வெட்கம், தனக்கும் வெட்கம்.

இடம் ஹுதைபாவின் வாட்ஸப்பிலேயே வந்தது. பேராதனைப் பாதையில் தாதியர் பயிற்சி நிலையம் ஒன்றின் பெண்கள் விடுதிக்கு மேட்ரன் தேவை. தங்க அறை, மூன்று வேளைச் சாப்பாடு. ருக்கியாவின் முகம் மலர்ந்தது. அடுத்த வரியை ஹுதைபா கொஞ்சம் மெதுவாக வாசித்தான். ஆங்கிலம் பேசத் தெரிந்திருக்க வேண்டும்.

ருக்கியாவுக்கும் ஆங்கிலத்துக்கும் பழைய பகை. ஓ-லெவலில் ஏழு பாடம் சித்தி, ஆங்கிலத்தில் மட்டும் டபிள்யூ, அதாவது பெயில். விதவைக்கும் ஆங்கிலத்தில் முதல் எழுத்து அதுதான் என்று பின்னாளில் தானே கேலி செய்துகொள்வாள். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை காலையே வாசிகசாலை மாடியில் நடந்த பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்புக்குப் புதுக் கொப்பியோடு போய் முன்வரிசைக் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வகுப்பெடுத்த டிலானிக்கு இருபத்தாறு வயது. பன்வில தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். ருக்கியா அவளை "மிஸ்" என்பாள், அவள் ருக்கியாவை "அக்கா" என்பாள். நாலாவது வாரம் டிலானி பலகையில் 'டீம்' என்று எழுதினாள்.

"கிரிக்கெட் டீம்ல பதினோரு பேரு. ஆனா இங்கிலீஷ்ல ஒருத்தரச் சொல்ற மாதிரி 'இஸ்' போடுறோம். இந்த மாதிரி கூட்டத்துக்குப் பேரா வர்ற சொல்லத்தான் கலெக்டிவ் நவுன்னு சொல்றாங்க. ஏன் ஒருமைன்னு யாருக்காவது வெளங்குதா?"

தையற்கடை வைத்திருக்கும் ஜஹானா தலையைக் குனிந்துகொண்டாள். மற்றவர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். ருக்கியா கையை உயர்த்தினாள்.

"சவன் மாதிரித்தானே மிஸ்? ஆறு பேர் உக்காந்தா ஒரு சவன். நான் ஆறு பேருக்குச் சோறு கொண்டுவாங்கன்னு செல்றல்ல. ஒரு சவனுக்குன்னுதான் செல்றேன்."

டிலானிக்கு அது பிடித்துப்போனது. "ரொம்பச் சரி அக்கா. ஆனா சில நேரம் 'ஆர்' போடுறவங்களும் இருக்காங்க. அது எப்போ?"

ருக்கியாவிடம் அதற்கும் பதில் இருந்தது. "கோழிக் காலுக்குச் சண்டை பிடிக்கக்குள்ள. அப்ப அது சவன் இல்ல, ஆறு பேர்."

வகுப்பே சிரித்தது. ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்போது பன்மை, ஒன்றாக நிற்கும்போது ஒருமை என்று டிலானி அதையே பலகையில் எழுதிப்போட்டாள். முப்பத்து மூன்று வருடத்துக்குப் பிறகு ஆங்கிலத்தில் ஒரு விஷயம் தனக்குத்தான் முதலில் விளங்கியது என்கிற சந்தோஷத்தில் ருக்கியா வீட்டுக்கு நடந்தே போனாள்.

சந்தோஷம் அளவோடு நின்றிருந்தால் நல்லது. அது தலைக்கேறிவிட்டது. ஆங்கிலத்தின் சாவியே இந்தக் கூட்டப் பெயர்கள்தான் என்று முடிவு செய்துவிட்டாள். ஹுதைபாவின் பழைய புத்தகத்தில் நாற்பது சொற்கள் இருந்தன. மாடென்றால் ஹெர்ட், பறவையென்றால் ஃப்ளொக், தேனீயென்றால் ஸ்வார்ம், சிங்கமென்றால் ப்ரைட். கல்யாணத்துக்கு வருகிறவர்களை நினைவு வைப்பது போல ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் உட்காரவைத்து மனப்பாடம் செய்தாள். தேங்காய் துருவும்போது மீன்கள், துணி மடிக்கும்போது கப்பல்கள். ஹுதைபாவின் நண்பர்கள் ஐந்து பேர் வந்து தேத்தண்ணி கேட்டபோது, "ஸ்வார்ம் வந்தீக்கு, சீனி பத்தாது" என்று ஸுமைராவிடம் சொன்னாள்.

டிலானி கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாள். "அக்கா, ஹொஸ்டல்ல சிங்கம் இருக்காதுக்கா. பேசிப் பழகுங்க. நீங்க கல்யாணத்துல என்ன செய்றீங்கன்னு இங்கிலீஷ்ல எங்கிட்டச் சொல்லுங்களேன்."

"அதெல்லாம் யாரு மிஸ் கேக்கப் போறாங்க?" என்று ருக்கியா கொப்பியை வாங்கிக்கொண்டாள்.

நேர்முகத் தேர்வுக்கு ஹுதைபாவின் நிச்சயத்துக்குத் தைத்த கறுப்பு அபாயாவைப் போட்டுக்கொண்டு போனாள். நடைபாதை வாங்கில் அவளோடு சேர்த்து நாலு பேர் காத்திருந்தார்கள். மற்ற மூவரும் இளவயதுக்காரிகள். போனில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்த ஒருத்தியைக் கண்டதும் ருக்கியா தன் நாற்பது சொற்களையும் மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். முதல் ஆளாக ருக்கியாவைத்தான் கூப்பிட்டார்கள்.

உள்ளே மூன்று பேர். நடுவில் நிலையத்தின் தலைவி திருமதி ஏக்கநாயக்க, ஒரு பக்கம் கணக்காளர் மயில்வாகனம், மறுபக்கம் பேசாமல் குறிப்பெடுக்கும் ஒரு பெண். எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. பெயர், ஊர், படிப்பு வரைக்கும் ருக்கியா தடுக்கி விழாமல் வந்துவிட்டாள்.

"நீங்கள் ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை பேரைச் சமாளித்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார் ஏக்கநாயக்க.

இது தெரிந்த கேள்வி. ருக்கியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஐம்பது, மேடம்."

ஏக்கநாயக்க மற்றவர்களைப் பார்த்தார். "எங்களிடம் எழுபத்தொரு பிள்ளைகள் இருக்கிறார்களே" என்றார் மெதுவாக.

எழுபத்தொன்றென்றால் முழுதாகப் பன்னிரண்டு சவன்கூட வராது. இதற்கா இந்த மனுஷி முகத்தைச் சுருக்குகிறாள் என்று ருக்கியாவுக்கு ஆச்சரியம். "அது பரவாயில்லை மேடம். மிகவும் சின்னது" என்று தைரியம் சொன்னாள்.

மயில்வாகனம் இருமினார். ஏக்கநாயக்க பேனையை மூடினார். நன்றி, அறிவிக்கிறோம், வெளியில் இருப்பவரை வரச் சொல்லுங்கள் என்றார். அந்த அளவு ஆங்கிலம் ருக்கியாவுக்கு நன்றாகவே விளங்கியது. வேலை போய்விட்டது. எங்கே பிழை விட்டோம் என்பதுதான் விளங்கவில்லை.

கதவைத் திறந்தாள். வாங்கில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பழக்க தோஷத்தில் மனம் தன்பாட்டில் எண்ணியது: அரைச் சவன். எண்ணிய மறுகணம் அவளுக்குப் பிழை விளங்கியது. அல்லாஹ்வே, நான் சொன்ன ஐம்பது ஆள் இல்லையே!

யாரும் கூப்பிடாமலே திரும்பி மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"மேடம், ஐம்பது பேர் இல்லை. ஐம்பது சவன். ஒரு சவன் ஆறு பேர். முந்நூறு பேர், மேடம். முந்நூறு பெண்கள், ஒரே நேரத்தில்."

"சவன் என்றால்?"

ருக்கியா சொன்னாள். கையால் தட்டை வரைந்தாள். மூடியைக் காட்டினாள். பல் போன பெரியம்மாவைச் சொன்னாள், கோழியைப் பிய்த்துக் கொடுக்கிறவளைச் சொன்னாள், சண்டைபிடித்த மச்சிமாரை ஒரே தட்டில் உட்காரவைத்த கதையைச் சொன்னாள். இலக்கணம் வழியெல்லாம் சிந்திக்கொண்டே போனது. அவள் குனிந்து பொறுக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் நாலு நிமிடம் போயிருந்தது. தான் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதே அவளுக்கு நினைவில்லை.

"ஓம், உண்மைதான்" என்று தன்னை மறந்து தமிழில் சொன்னார் மயில்வாகனம். "நானும் ஒருக்காச் சாப்பிட்டனான். ஆறாவது ஆளா என்னை இழுத்துக்கொண்டு போய் இருத்தினவை."

ஏக்கநாயக்க பேனையை மறுபடி திறந்தார். "அப்படியென்றால் ஒன்று சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகள் சாப்பாட்டு அறையில் தனித்தனியாக உட்காருகிறார்கள். சிங்களப் பிள்ளைகள் ஒரு மூலை, தமிழ்ப் பிள்ளைகள் ஒரு மூலை, முஸ்லிம் பிள்ளைகள் ஒரு மூலை. தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்கே போகிறவர்களும் உண்டு. போன மேட்ரன் சட்டம் போட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்? எல்லோரையும் ஒரே தட்டில் சாப்பிட வைப்பீர்களா?"

"இல்லை மேடம். சிலர் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள், சிலர் மரக்கறி மட்டும். அவரவருக்கு அவரவர் தட்டு. ஆனால் ஒரு மேசைக்கு ஆறு பேர், சோற்றுப் பாத்திரம் ஒன்றுதான். ஆறு பேரும் வராமல் மூடி திறக்கக் கூடாது. தனக்குத் தானே போடக் கூடாது, பக்கத்தில் இருப்பவருக்குப் போட வேண்டும். சட்டம் வேண்டாம் மேடம். பசி பார்த்துக்கொள்ளும்."

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மூச்சு விட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நாற்பது சொற்களில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. ஆசை ஆசையாக வைத்திருந்த சிங்கத்தைக்கூடச் சொல்லவில்லை. டிலானிக்குக் குரல் பதிவு அனுப்பினாள். "நான் ஒங்கள்ட்ட அன்னைக்கே சொன்னேன்ல" என்று சிரிப்போடு பதில் வந்தது.

எட்டாம் நாள் கடிதம் வந்தது. மூன்று மாதம் தற்காலிகம், பிறகு நிரந்தரம். ரிஸ்கான் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, "ராத்தா, எங்களால ஏதும் மனவருத்தமா?" என்று கேட்டான். இல்லவே இல்லை என்று அவள் சொன்னது பொய்யில்லை. ஸுமைராதான் அழுதாள், உண்மையாகவே அழுதாள். ருக்கியா பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "அழாத புள்ள, இனி அந்த நாடாவ வெளிய எடுக்கலாம்" என்றதும் அழுகைக்கு நடுவில் ஸுமைராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

விடுதி அறை சின்னது. ஒரு கட்டில், பூட்டுள்ள அலுமாரி, ஒரு ஜன்னல். மரங்கள் விட்ட இடைவெளியில் மகாவலி கொஞ்சம் தெரியும். அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. முதல் நாள் அதை இரண்டு மூன்று தரம் போட்டும் திறந்தும் பார்த்துவிட்டுத்தான் அவள் அபாயாவைக் கழற்றி மாட்டினாள்.

மேசைக்கு ஆறு பேர் என்றதும் பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். முதல் வாரம் ஒரு மேசையில் நாலு பேர் வந்து, மற்ற இருவரும் வேண்டுமென்றே அறையில் இருந்தார்கள். வந்த நாலு பேர் மூடிய பாத்திரத்தின் முன்னால் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அவர்களே மாடிக்குப் போய் அந்த இருவரையும் கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். ருக்கியா தூரத்தில் நின்று பார்த்தாள். மூன்றாம் வாரம், பன்வில பக்கத்துப் பிள்ளை சுதர்சினி, மாத்தளைச் சிங்களப் பிள்ளை ஒருத்தியின் தட்டில் கத்தரிக்காயை ஒதுக்கிவிட்டு உருளைக்கிழங்காகப் பார்த்துப் போட்டாள். கத்தரிக்காய் அவளுக்கு ஒத்துக்கொள்ளாதாம். இதை யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது என்று ருக்கியா நினைத்துக்கொண்டாள். இனி இது சவன்தான்.

எழுபத்தொரு பிள்ளைகளை ஆறாகப் பிரித்தால் பதினொரு மேசை நிறையும், பன்னிரண்டாவதில் ஐந்து பேர். சுதர்சினியின் மேசை அது. அங்கே மட்டும் ருக்கியா சட்டத்தைத் தளர்த்தியிருந்தாள், ஐந்து பேருக்கே மூடியைத் திறந்துவிடுவாள். எல்லோரும் முடித்துப் போன பிறகு குசினியில் சட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றபடி தன் தட்டில் போட்டுக்கொள்வாள். மேட்ரனுக்குச் சாப்பாடு எங்கே என்று அவளும் யோசித்ததில்லை.

ஐந்தாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். கோழிக் கறி. பதினொரு மேசையிலும் மூடி திறந்து ஆவி பறந்தது. பன்னிரண்டாவது மேசையில் மட்டும் ஐந்து பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூடி திறக்கவில்லை. ருக்கியா திறக்கப் போனாள். சுதர்சினி மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"என்ன புள்ள, பசிக்கலியா?"

"பசிக்குது மேட்ரன். ஆறு பேரு வராம தொறக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஒங்க மேசைக்கு அது இல்லைன்னு சென்னேனே. நான் எங்க போய் ஆளத் தேடுறது?"

சுதர்சினி பக்கத்துக் கதிரையை இழுத்துவைத்தாள். மாத்தளைப் பிள்ளை, ருக்கியா தினமும் மேசைக்கு ஆள் கூப்பிடுவதைக் கேட்டுப் பொறுக்கிய தமிழில், சாப்பாட்டு அறை முழுக்கக் கேட்கும்படி கூவினாள்.

"இங்க ஒரு ஆள் குறையுது! மேட்ரன், ஒங்களத்தான், வாங்க!"

பதினொரு மேசையும் திரும்பிப் பார்த்தது. இருபது வருடமாக எத்தனையோ ஆயிரம் பேரை இந்தச் சொல்லால் கூப்பிட்டிருக்கிறாள். அவளை யாரும் கூப்பிட்டதில்லை. பிறகு சாப்பிடுகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள், சுதர்சினியின் கை மூடியை விட்டு நகரவில்லை. கண்ணைக் கையால் துடைத்துக்கொண்டு, போய்க் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

மூடியைத் திறந்தார்கள். ஒருத்தி சோறு போட்டாள், ஒருத்தி கறி விட்டாள். சுதர்சினி கோழியில் நல்ல துண்டாகப் பார்த்து அவள் பக்கம் தள்ளிவைத்தாள். ருக்கியா பிஸ்மி சொல்லி ஒரு வாய் எடுத்தாள்.

சோறு சூடாக இருந்தது.